மண் தின்னும் மின்சாரம்

சுவீடனின் மேற்குக் கரையில், வார்பெர்க் நகரை அடுத்த கிரிமெட்டோனில் 127 மீட்டர் உயர இரும்புக் கோபுரங்கள் ஆறு வரிசையாக நிற்கின்றன. அவற்றின் தலையில் சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரம் ஓடுகின்றன ஆன்டெனாக் கம்பிகள். 1924 டிசம்பரில் அமெரிக்காவுக்குத் தந்தி அனுப்பத் தொடங்கிய நிலையம் இது. 2004 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரம்தான். ஆனால் இந்நிலையத்தின் அதிர்வெண்ணான 17.2 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளமே சுமார் 17.4 கிலோமீட்டர். கால் அலை உயரம் வேண்டுமென்றால் கோபுரம் நான்கு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். இவ்வளவு குட்டையான ஆன்டெனாவை அடியில் ஒரு சுருள் வைத்து டியூன் செய்துவிடலாம். மின்னோட்டமும் தாராளமாகப் பாயும். சிக்கல் எர்த்தில் இருக்கிறது. அத்தனை மின்னோட்டமும் ஒரே இடத்தில் மண் வழியாகத் திரும்பும்போது, அலையாகப் போக வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கு மண்ணைச் சூடாக்கியே தீர்ந்துவிடும்.

சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் இதற்கு வழி கண்டார். கோபுரத்துக்கு ஒரு கம்பி வீதம் இறக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் தனிச் சுருள், தனி எர்த். மின்னோட்டம் ஆறாகப் பிரிகிறது. மண்ணில் வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஒவ்வோர் எர்த்திலும் இழப்பு 36-இல் ஒரு பங்கு. ஆறையும் கூட்டினாலும் பழைய இழப்பில் ஆறில் ஒன்றுதான். மேலே போகும் மொத்த மின்னோட்டம் குறையாததால் அலையின் பலமும் குறையவில்லை. அந்த நிலையத்தில் அலையை உண்டாக்கும் 200 கிலோவாட் ஆல்டர்னேட்டருக்குத்தான் புகழ் எல்லாம். என் கண்ணுக்கு அந்தச் சுருள்களே பெரிய சாதனை.

மாடியிலும் தோட்டத்திலும் ஆன்டெனா கட்டும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு இன்றும் இந்தக் கணக்கு தேவை. கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1 என்று காட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். கால் அலை செங்குத்து ஆன்டெனா நல்ல எர்த்தின் மேல் சுமார் 36 ஓம் காட்டும். எர்த் மோசமாகி 14 ஓம் இழப்பு சேர்ந்தால் மொத்தம் 50. 50 ஓம் கேபிளுக்குக் கச்சிதம், மீட்டரும் 1 காட்டும். ஆனால் ஆன்டெனாவுக்குள் போகும் ஆற்றலில் 28 சதவீதம் மண்ணுக்குப் போகிறது. தரையில் ரேடியல் கம்பிகளை நிறைய விரித்தால் இழப்பு குறையும், மீட்டரோ 1.4-ஐ நோக்கி ஏறும். அதைக் கண்டு பயந்து கம்பிகளைச் சுருட்டிவிட வேண்டாம். அவற்றை அப்படியே விட்டு, ஆன்டெனாவின் அடியில் ஒரு மேட்சிங் சுருளைப் போட்டு 36-ஐ 50-க்குக் கொண்டுவாருங்கள்.