பால் சீட்டில் என்ன எழுதியிருக்கு?

கம்பெனி என்றதும் நமக்குக் கண்முன் வருவது பெரிய கட்டிடமும் காரில் வந்து இறங்கும் முதலாளியும்தான். முதலாளியே இல்லாமல், மாடு வளர்க்கிறவர்களே சொந்தக்காரர்களாக இருந்து ஜெயித்த நிறுவனம் ஒன்று உண்டு. கடையில் வெண்ணெய் பாக்கெட்டில் நாம் பார்க்கும் அமுல்தான் அது. அதில் ஒற்றுமைக்கு எவ்வளவு பங்கு, கம்ப்யூட்டருக்கு எவ்வளவு பங்கு என்று இந்த இதழில் பார்ப்போம்.

குஜராத்தில் கேடா மாவட்டத்தில் அப்போதெல்லாம் வியாபாரி சொன்னதுதான் பால் விலை. கறந்த பாலை வீட்டில் வைத்திருக்கவும் முடியாது, கெட்டுவிடும். 1946ல் விவசாயிகள் ஒன்றுகூடி 15 நாள் ஒரு சொட்டுப் பால்கூட ஊற்றாமல் நிறுத்தினார்கள். ஒருத்தர் மட்டும் நிறுத்தியிருந்தால் அவர் வீட்டுப் பால்தான் வீணாகியிருக்கும், வியாபாரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த ஆண்டு டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சங்கம் பதிவானது. ஆரம்பத்தில் 2 கிராமச் சங்கங்கள், ஒரு நாளைக்கு சுமார் 250 லிட்டர் பால், அவ்வளவுதான். இன்று சுமார் 36 லட்சம் குடும்பங்கள் பால் ஊற்றுகின்றன. ஊருக்கு ஒரு சங்கம், மாவட்டத்துக்கு ஒரு ஒன்றியம், 1973 முதல் விற்பனைக்கு மாநிலக் கூட்டமைப்பு. நம்ம குழு, ஊராட்சிக் கூட்டமைப்பு மாதிரியேதான் படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஒற்றுமையைக் குலைக்க ஒரே ஒரு சந்தேகம் போதும். "அவ பாலுக்கு மட்டும் எப்படி கொழுப்பு கூட வருது?" பாலுக்கு விலை அளவை வைத்து மட்டுமல்ல, அதில் உள்ள கொழுப்பை வைத்தும் தான். முன்பு சின்னக் குப்பியில் மாதிரி எடுத்து, அமிலம் ஊற்றி, சுழற்றிப் பார்ப்பார்கள். ஊற்றியவருக்கு முடிவு உடனே தெரியாது, நோட்டில் எழுதியதைத்தான் நம்பணும். 1990களில் அந்தக் கிராமச் சங்கங்களுக்கு மின்னணுத் தராசும், கொழுப்பு பார்க்கும் கருவியும், கம்ப்யூட்டரும் வந்தன. எடை, கொழுப்பு, தொகை மூன்றும் அச்சடித்த சீட்டாக அங்கேயே கைக்கு வந்துவிடும். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கணக்கு.

அப்படியானால் மெஷின் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது! கேனில் பாலைக் கொஞ்ச நேரம் வைத்தால் ஆடை மேலே வரும். கலக்காமல் மேலே மொண்டு எடுத்தால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும், அடியில் எடுத்தால் குறைத்துக் காட்டும். கருவியின் குழாயைக் கழுவாமல் விட்டாலும் தப்பாகத்தான் வரும். மெஷின் பொய் சொல்லவில்லை, நாம் கொடுத்ததை அது சொல்லுது. கலக்கி எடுக்கிறார்களா என்று பார்ப்பது பால் ஊற்றுகிறவர்களின் வேலை.

எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 கிலோ எருமைப் பாலில் 6 சதவீதம் கொழுப்பு என்றால் 300 கிராம். அதையே 5.5 என்று பதிந்தால் 275 கிராம். ஒரு வேளைக்கு 25 கிராம் போச்சு. காலை, மாலை இரண்டு வேளை, 30 நாளைக்கு ஒன்றரைக் கிலோ கொழுப்பு! நெய் விலை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

நம்மில் பலர் சீட்டை வாங்கி அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் சொருகிவிடுகிறோம். பேங்கில் பணம் ஏறிய எஸ்.எம்.எஸ். மகன் போனுக்கோ வீட்டுக்காரர் போனுக்கோ போகிறது. அமுல் கூட்டுறவுச் சங்கமாக வளர்ந்தது. 2002ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உற்பத்தியாளர்கள் 10 பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனியே தொடங்கலாம். நம்ம ஊர்களிலும் அந்தப் பேச்சு நடக்கிறது, நல்லதுதான். ஆனால் பங்குத்தொகை கட்டுவதற்கு முன்னால் கையில் இருக்கிற சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது பால் ஊற்றும் உறுப்பினர்கள் கடைசி 10 நாள் சீட்டை எடுத்து வாருங்கள். படிக்கத் தெரிந்தவர் கொழுப்பு எண்ணை மட்டும் சத்தமாக வாசிக்கட்டும். ஒரே மாடு, ஒரே தீவனம், எண் மட்டும் நாளுக்கு நாள் ரொம்ப மாறினால் மறுநாள் காலையில் இரண்டு பேராகப் போய், மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். போன் நம்பர் மாற்ற வேண்டியவர்கள் பேங்க் பாஸ்புக்கையும் ஆதார் நகலையும் சேர்த்துக் கொண்டுவந்தால், எல்லோரும் ஒரே நாளில் பேங்குக்குப் போய் வந்துவிடலாம்.