மேல் ஏரி, கீழ் ஏரி

ஜெர்மனி நாட்டின் தெற்கு ஓரத்தில் பவேரியா மாநிலம் இருக்கிறது. சமவெளி முடிந்து ஆல்ப்ஸ் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில், ஹெர்ட்ஸோக்ஸ்டான்ட் என்று அங்கே ஒரு சிகரம். பெயரைச் சொல்லிப் பழக இரண்டு நாள் ஆகும். ஏறுவதற்கு அவ்வளவு ஆகாது. உயரம் 1731 மீட்டர்தான். நடக்கச் சோம்பல் என்றால் ரோப் கார் பெரும்பகுதி உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

உச்சியில் நின்றால் இரண்டு பக்கமும் இரண்டு ஏரிகள் தெரியும். தெற்கே வால்ஹன் ஏரி, வடக்கே கோஹல் ஏரி. நடுவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் இடைவெளிதான். ஆனால் வால்ஹன் ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோஹல் ஏரியோ சுமார் 600 மீட்டரில். மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பிறகு ஏன் மேல் ஏரி கீழ் ஏரிக்குள் கொட்டிவிடவில்லை?

இரண்டுக்கும் நடுவே கெஸ்ஸல்பெர்க் என்ற மேடு குறுக்கே படுத்திருக்கிறது. அதைக் கடக்கும் சாலையின் உச்சி 858 மீட்டர். அதாவது, மேல் ஏரியைவிட அறுபது மீட்டர்கூட அதிகமில்லை. அந்த மேட்டைத் தாண்ட முடியாததால், ஏரியின் நீர் கிழக்கே யாஹன் என்ற சிற்றாறாக வெளியேறிச் சுற்றி வளைத்து இசார் ஆற்றில் சேர்கிறது. கீழ் ஏரியின் நீர் லோய்ஸாஹ் ஆற்றின் வழியாக அதே இசாருக்குத்தான் வருகிறது. பக்கத்துப் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் இத்தனை தூரம் போய்த்தான் ஒன்றையொன்று பார்க்கிறது! பிறகு டான்யூப் ஆறு, பிறகு கருங்கடல்.

அந்தப் பக்கத்து மக்கள் ஒரு கதை சொல்வார்கள். வால்ஹன் ஏரியின் அடியில் பிரம்மாண்டமான கெளுத்தி மீன் ஒன்று, தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு சுருண்டு கிடக்கிறதாம். வாய் தவறி வாலை விட்டுவிட்டால் போச்சு. நிமிர்கிற வேகத்தில் வால் கெஸ்ஸல்பெர்க்கை அடித்து உடைக்கும். ஏரி முழுதும் கொட்டி, வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் மியூனிக் நகரம்வரை மூழ்கும். மீன் புளுகு என்றாலும், கதை கட்டியவருக்குக் கண் கூர்மை. ஏறக்குறைய 190 மீட்டர் ஆழமான ஒரு ஏரி, பள்ளத்தாக்குக்கு மேலே சின்ன மேட்டின் தயவில் நிற்கிறது என்பதை அவர் கவனித்திருக்கிறார்.

மீன் செய்யாததை ஒரு பொறியாளர் செய்தார். அவர் பெயர் ஓஸ்கர் ஃபோன் மில்லர். மியூனிக்கில் உலகப் புகழ்பெற்ற அறிவியல் அருங்காட்சியகமான டாய்ச்சஸ் மியூசியத்தைத் தொடங்கியவரும் அவரே. கெஸ்ஸல்பெர்க்கைக் குடைந்து, மேல் ஏரித் தண்ணீரை ஆறு பெரிய குழாய்களில் கீழே இறக்கினார்கள். 1924இல் மின்சாரம் வரத் தொடங்கியது. 200 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரின் வேகத்தில் எட்டு டர்பைன்கள் சுழல்கின்றன. நான்கின் மின்சாரம் ஊருக்கு, மற்ற நான்கின் மின்சாரம் ரயிலுக்கு. மொத்தத் திறன் 124 மெகாவாட். நூறு வயது தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த மின்சாரத்துக்கு ஒரு ஆறு விலை கொடுத்தது. ஏரிக்கு இயல்பாக வரும் நீர் போதாது என்று, கிருன் என்ற ஊரில் இசார் ஆற்றை மறித்து ஏரிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதற்குக் கீழே இசார் வெறும் கூழாங்கல் படுகையாகக் கிடந்தது. 1990இலிருந்துதான் ஆற்றுக்கென்று கொஞ்சம் தண்ணீர் விடுகிறார்கள். முதலிலேயே விட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, இந்த ஏரிப் பள்ளங்களைத் தோண்டியது யார்?

ஆறு அல்ல. ஓடுகிற ஆறு தன் வழியை அறுத்துக்கொண்டே போகும். ஆனால் வெளியேறும் வாசலைவிட 190 மீட்டர் ஆழத்துக்குக் குழி பறிக்க அதனால் முடியாது. குழி விழுந்தால் தண்ணீர் அங்கே தேங்கி நின்றுவிடும், வேகம் போய்விடும். பனியாற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது நகரும் பனிக்கட்டி. பின்னாலிருந்து அழுத்தும் எடை போதுமானதாக இருந்தால் பள்ளத்தில் இறங்கி, மறுபக்கம் மேடேறியும் போய்விடும். போகிறபோது அடியில் சிக்கிய கற்களால் தரையை உரசிச் சுரண்டும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இதே சிகரத்தில் நின்றிருந்தால் ஏரி எதுவும் கண்ணில் பட்டிருக்காது. கீழே எங்கும் பனிக்கட்டி. உயரமான உச்சிகள் மட்டும் வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பனி கெஸ்ஸல்பெர்க்கின் மேலேயே ஏறி வழிந்து, வடக்கே சமவெளியில் நாக்குநாக்காக நீண்டது. வால்ஹன் ஏரிப் பள்ளத்துக்கு அதற்கும் முன்பே பாறை அசைவுகள் அடிபோட்டிருந்தன, ஆழப்படுத்தியது பனி. சமவெளியில் நீண்ட நாக்குகளில் ஒன்று கிடந்த இடம்தான் இன்றைய ஸ்டார்ன்பெர்க் ஏரி: நீளம் 20 கிலோமீட்டர், ஆழம் 127 மீட்டர். அதிலிருந்து வூர்ம் என்று ஒரு சிறிய ஆறு புறப்படுகிறது. ஆல்பிரெஹ்ட் பென்க், எடுவார்ட் புரூக்னர் என்ற இரு அறிஞர்கள் ஆல்ப்ஸின் பனியுகங்களுக்கு இந்தப் பகுதி ஆறுகளின் பெயர்களை வைத்தார்கள். கடைசிப் பனியுகத்துக்கு வாய்த்தது இந்தச் சின்ன வூர்மின் பெயர்.

அவ்வளவு பனியும் எங்கே? ஜெர்மனியின் மிக உயரமான சிகரமான 2962 மீட்டர் சுக்ஸ்பிட்ஸவில் தெற்கு ஷ்னேஃபெர்னர் என்ற பனியாறு இருந்தது. 2022இல், 'இதை இனிப் பனியாறு என்று சொல்ல முடியாது' என்று அறிவித்துவிட்டார்கள். அதோடு பவேரியாவில் மிஞ்சியவை நான்கே.

சுக்ஸ்பிட்ஸ உச்சியின் பாறை இன்னொரு வேடிக்கை. அது சுண்ணாம்புப் பாறை. 23 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலில், பாசிகளும் பவளங்களும் கடற்பஞ்சுகளும் விட்டுச்சென்ற சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. பிறகு ஆப்பிரிக்கா வடக்கே நகர்ந்து ஐரோப்பாவை நெருக்க, கடலடி மடிந்து மலையாக நிமிர்ந்தது. சிகரம் ஏறுகிறவர் உண்மையில் ஒரு பழைய கடலின் தரையில்தான் கால் வைக்கிறார்.

மலை சுண்ணாம்பாக இருப்பதால்தான் இங்கே ஓடும் நீரின் வேலை இரண்டு விதம்.

முதல் விதம், மலையை வெட்டுவது. சுக்ஸ்பிட்ஸ பக்கத்துப் பனியும் மழையும் சேர்ந்து வரும் பார்ட்நாஹ் ஆறு, ஓரிடத்தில் 700 மீட்டர் நீளத்துக்குக் குறுகலான பிளவுக்குள் பாய்கிறது. இரு சுவர்களும் சில இடங்களில் 80 மீட்டர் உயரம். சுவரை ஒட்டிக் குடைந்த பாதையில் நடக்கும்போது மேலே வானம் ஒரு கோடுபோலத் தெரியும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அந்தக் காலத்தில் காட்டில் வெட்டிய மரங்களை இதில்தான் மிதக்கவிட்டுக் கீழே கொண்டுபோனார்கள். 1991 ஜூன் மாதத்தில் சுவரின் ஒரு பகுதி, ஏறக்குறைய 5000 கன மீட்டர் பாறை, இடிந்து உள்ளே விழுந்தது. ஆறு தடைபட்டு அங்கே ஒரு குட்டி ஏரியே உண்டாகிவிட்டது.

இரண்டாவது விதம், மலையைக் கட்டுவது! அம்மர் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஷ்லையர் அருவிகள் இருக்கின்றன. இரைச்சல் இல்லை. பச்சைப் பாசித் திரையின் வழியே தண்ணீர் இழையிழையாகச் சொட்டுகிறது. கிட்டே போய் ஒரு பாசிக்கொத்தைப் பாருங்கள் (பாருங்கள் என்றுதான் சொன்னேன், தொடக் கூடாது, எளிதில் உடையும்). நுனி பச்சைப்பசேல் என்று உயிரோடு இருக்கும். சற்று உள்ளே பழுப்பாகி, அதற்கும் உள்ளே அதே பாசி கல்லாகியிருக்கும். தண்டும் இலையும் இருந்த வடிவம் அப்படியே தெரியும்.

நடப்பது இதுதான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்ஸைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஊற்றாக வெளியே வந்து பாசியில் சிதறியதும் அந்த வாயு காற்றோடு போய்விடுகிறது. வாயு போனதும் சுண்ணாம்பு கரைந்த நிலையில் இருக்க முடியாமல் பாசியின்மேல் படிகிறது. பாசிக்கு மூச்சு முட்டாதா? முட்டும். அதனால்தான் அது நுனியை நீட்டி வெளியே வளர்ந்துகொண்டே போகிறது. கல்லும் துரத்திக்கொண்டே வருகிறது. உங்கள் வீட்டில் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டுமே, அம்மா புளி போட்டுத் தேய்ப்பாரே, அதில் பெரும்பகுதி இதே சுண்ணாம்புதான்.

அருவியும் ஆறும் அறுத்த கல்லும் மண்ணும் எங்கே போகும்? ஏரிக்கு. ஓடும் நீர் ஏரியைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. சுமந்துவந்ததை அங்கேயே இறக்கிவைக்கிறது. கோஹல் ஏரி ஒரு காலத்தில் வடக்கே இன்னும் வெகுதூரம் பரவியிருந்தது. லோய்ஸாஹ் ஆறு கொண்டுவந்த வண்டல் தூர்த்துவிட்டதால், அந்த இடம் இப்போது புல்லும் நாணலும் வளர்ந்த சதுப்பு நிலம். கிழக்கே கீம் ஏரியின் பரப்பு இன்று சுமார் 80 சதுர கிலோமீட்டர். பனி விலகிய புதிதில் இதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆஸ்திரியாவிலிருந்து வரும் டிரோலர் ஆஹென் ஆறு அதற்குள் விரல்விரலாக ஒரு டெல்டாவை வளர்த்துக்கொண்டே இருக்கிறது. ஆட்கள் உள்ளே போக அனுமதி இல்லை. கரையிலிருக்கும் கோபுரத்தில் ஏறி, பறவைகளையும் புதிதாக முளைத்த நிலத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

கீம் ஏரிக்கு மேற்கே ரோசன்ஹைம் என்று ஒரு நகரம். பனி உருகியதும் அங்கே கீம் ஏரியைவிட மிகப் பெரிய ஏரி இருந்தது. இன் ஆறு ஒரு பக்கம் மண்ணைக் கொட்டித் தூர்த்தது. மறுபக்கம் ஏரியைத் தடுத்துநின்ற மேட்டை அறுத்துத் தண்ணீரை வெளியே விட்டது. ஏரி மறைந்தது, நூறு மீட்டருக்கும் மேல் கனமான களிமண் மிஞ்சியது. மலையிலிருந்து வந்த அந்தக் களிமண்ணைத் தோண்டிச் செங்கல் சுட்டு, மக்கள் அங்கே வீடு கட்டிக்கொண்டார்கள்.