சாம்பா நடந்து வந்த தெருக்கள்

ரியோ டி ஜெனிரோவின் கார்னிவல் என்றதும் டி.வி. நமக்குக் காட்டுவது இறகுக் கிரீடங்களையும் ஜிகினா உடைகளையும் ஊர்ந்து வரும் பிரம்மாண்ட ரதங்களையும்தான். கூடவே, 'ஆப்பிரிக்கத் தாளம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது' என்று ஒரு வர்ணனையும் வரும். பாராட்டுப்போலத் தொனித்தாலும், இந்தப் பேச்சு வரலாற்றை மழுப்புகிறது. ரத்தத்தில் ஊறியது என்றால், யாரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்கவில்லை என்றாகிவிடும். ஆனால் கார்னிவலின் இசையான சாம்பாவை இன்ன தெருவில், இன்ன வீட்டில், இன்னார் சமைத்தார்கள் என்று சொல்ல முடியும். ரியோவின் பழைய துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருக்களை நடந்தே பார்த்துவிடலாம்.

நடையை வலோங்கோ துறையில் தொடங்குவதே முறை. 1811-ல் கட்டப்பட்ட இந்தத் துறை வழியாகச் சுமார் 9 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக இறக்கப்பட்டார்கள் என்பது கணிப்பு. காங்கோ, அங்கோலா பகுதிகளிலிருந்து வந்தவர்களே பெரும்பாலோர். 1843-ல் பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோவை மணக்க ஐரோப்பாவிலிருந்து வந்த இளவரசியை வரவேற்க, அந்தத் துறையின் மேலேயே புதிய துறை ஒன்று கட்டப்பட்டது. பிறகு அதுவும் மண்ணுக்குள் போனது. 2011-ல் துறைமுகச் சீரமைப்புக்காகத் தோண்டியபோது இரண்டும் வெளிப்பட்டன. 2017-ல் யுனெஸ்கோ வலோங்கோ துறையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று குனிந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்: அடியில் ஒழுங்கற்ற கரடுமுரடான கற்கள், மேலே இளவரசிக்காகச் செதுக்கிப் பதித்த சீரான கற்கள். சற்றுத் தள்ளி, வந்து இறங்கியதும் இறந்துபோனவர்களைப் புதைத்த இடுகாடு. 1996-ல் ஒரு குடும்பம் தன் வீட்டைப் புதுப்பிக்கத் தோண்டியபோது எலும்புகளாக அது அகப்பட்டது.

அருகிலேயே பெட்ரா டூ சால். கப்பலிலிருந்து உப்பு இறக்கிய பாறை. அதில் வெட்டிய படிகள் இன்னும் இருக்கின்றன. துறைமுகச் சுமை தூக்கிகளும் பாயியா மாநிலத்திலிருந்து குடியேறிய கறுப்பின மக்களும் கூடிய இடம் இது. அந்தப் பாயியாப் பெண்களில் முக்கியமானவர் தியா சியாத்தா. 'தியா' என்றால் அத்தை, சித்தி. பலகாரம் விற்றார், ஆப்பிரிக்கத் தெய்வங்களுக்கான கான்டோம்பிளே வழிபாட்டில் பெரிய பொறுப்பு வகித்தார். பிராசா ஒன்ஸி சதுக்கத்தருகே இருந்த அவர் வீட்டில் பூஜை, விருந்து, பாட்டு எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. 1916-ல் இசைக்கலைஞர் டோங்கா தன் பெயரில் பதிவுசெய்த 'பெலோ டெலிஃபோனே' அந்தக் கூட்டங்களில் உருவான பாடல் என்பார்கள். ஊர் சேர்ந்து கட்டிய பாட்டுக்கு ஒருவர் உரிமை கோரலாமா என்று அப்போதே சண்டை மூண்டது. அந்தக் கூட்டங்களின் இன்னொரு இசைக்கலைஞர் ஜோவோ டா பாயியானா. பாண்டெய்ரோ என்ற கைப்பறையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனதற்காகப் போலீஸ் அதைப் பிடுங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். ரத்தத்தில் ஊறிய தாளத்தைப் போலீஸ் எப்படிப் பறிமுதல் செய்யும்?

'கார்னிவல் ஐரோப்பியர்களுடையது அல்லவா' என்று கேட்கலாம். ஆமாம், தவக்காலத்துக்கு முந்தைய அந்த நாள்கள் கத்தோலிக்க நாட்காட்டி தந்தவை. தண்ணீர் ஊற்றி விளையாடும் என்ட்ருடோ போர்த்துகல் சரக்கு. சாம்பாவின் கவாக்கின்யோ என்ற சிறு கம்பி வாத்தியமும் அங்கிருந்து வந்ததே. ஆனால் நாள் குறித்தவர்தான் திருவிழாவையும் படைத்தார் என்றாகாது. 1928 வாக்கில் எஸ்டாசியோ பேட்டையில் இஸ்மாயெல் சில்வாவும் நண்பர்களும் 'டெய்ஷா ஃபலார்' குழுவைத் தொடங்கினார்கள். பழைய சாம்பாவுக்கு ஆடலாம், கூட்டமாகத் தெருவில் நடக்க அது ஒத்துவராது என்பது இஸ்மாயெல் பிற்பாடு சொன்ன விளக்கம். நடப்பதற்காகவே தாளத்தை நீட்டினார்கள். அந்தக் குழுவின் பீடே, பெரிய வெண்ணெய் டின்னில் தோலை இழுத்துக் கட்டி, ஊர்வலத்துக்கு அடித்தாளம் போடும் சுர்டோ மேளத்தைச் செய்தார் என்பார்கள். அதனோடு சேர்ந்த குயிக்கா மேளத்தின் உள்ளே ஒரு குச்சி தோலோடு கட்டப்பட்டிருக்கும். அதை ஈரத்துணியால் உருவினால் மேளம் முனகும். மத்திய ஆப்பிரிக்காவின் உரசு மேளங்களோடு அதற்குள்ள உறவு ஆய்வாளர்களுக்குப் பழைய செய்தி. சாம்பாவின் 16 துடிப்புத் தாளக்கட்டு அங்கோலாவிலும் உண்டு என்று ஆஸ்திரிய இசை ஆய்வாளர் கெர்ஹார்ட் கூபிக் 1979-லேயே காட்டினார். வேர் அங்கே, கைவேலை இங்கே.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பிரேசிலிலிருந்தே வந்தது. மானுடவியலாளர் எர்மானு வியன்னா 1995-ல், கறுப்பினக் கலைஞர்களும் வெள்ளை அறிவுஜீவிகளும் பழகியதில்தான் சாம்பா தேசிய இசையானது, அது ஒரு இனத்தின் தனிச்சொத்து அல்ல என்று வாதிட்டார். அந்தப் பழக்கம் உண்மை; மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் விளக்குவது சாம்பா எப்படிப் பிரபலமானது என்பதை. எங்கே உருவானது என்பது வேறு கேள்வி. தேசிய அடையாளம் ஆன பிறகும் அந்த மண்ணுக்கு மரியாதை கிடைக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1932-ல் 'சாம்பா பள்ளிகள்' எனப்படும் ஊர்வலக் குழுக்களின் முதல் போட்டி நடந்த பிராசா ஒன்ஸியை, 1944-ல் திறந்த பிரசிடெண்டே வர்காஸ் நெடுஞ்சாலை விழுங்கியது. கட்டடக் கலைஞர் நீமயர் வடிவமைத்த கார்னிவல் ஊர்வல அரங்கான சாம்போட்ரோமு 1984-ல் வந்ததும் அந்தச் சதுக்கத்தின் பக்கத்திலேயேதான்.

இப்போது இந்த நடையே சுற்றுலாச் சரக்காகிவிட்டது என்பார்கள். ஆகட்டும். சீரமைப்புத் திட்டம் துறையைத் தோண்டி எடுத்தது, அதே கையோடு சுற்றுவட்டார நில மதிப்பையும் ஏற்றியது. பெட்ரா டூ சால் அருகே வாழும் கறுப்பினக் குடும்பங்கள், தப்பியோடிய அடிமைகள் அமைத்த கிலோம்போ குடியிருப்புகளின் வாரிசுச் சமூகமாகத் தங்களை முன்வைத்து, குடியிருக்கும் வீடுகளுக்கு உரிமை கேட்டுப் போராடியிருக்கின்றன. திங்கள்கிழமை இரவு அந்தப் படிகளில் சாம்பா கேட்கக் குவியும் பயணிகளிடம் வழிகாட்டிகள் இந்தப் போராட்டத்தையும் சொன்னால்தான் நடை முழுமையாகும்.