விசில் ஓய்ந்து பாட்டு புகுந்த வீடு

1965 மார்ச் 2ஆம் தேதி நியூயார்க்கில் வெளியான 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்', மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஓடும் பாட்டுப் படம். இயக்கியவர் ராபர்ட் வைஸ். இசை ரிச்சர்ட் ராஜர்ஸ், பாடல்கள் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். இவ்விருவரின் இசை நாடகமாக 1959இல் பிராட்வே மேடையேறிய கதைதான் பிறகு படமானது. நாடகம் அரங்கேறிய ஒன்பதே மாதத்தில் ஹாமர்ஸ்டைன் காலமானார். அதனால் படத்துக்கென்று சேர்த்த இரண்டு புதுப் பாடல்களுக்கு வரிகளையும் ராஜர்ஸே எழுதினார்.

கதை நடப்பது ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில், ஹிட்லரின் ஜெர்மனி அந்நாட்டை விழுங்கவிருந்த நாட்களில். கன்னிமடத்தில் துறவுக்குத் தயாராகும் மரியா, மனைவியை இழந்த கடற்படை அதிகாரி கேப்டன் ஃபான் டிராப்பின் ஏழு பிள்ளைகளுக்கு ஆசிரியையாக அனுப்பப்படுகிறாள். அந்த வீட்டில் விளையாட்டு கிடையாது, பாட்டு கிடையாது. ஆளுக்கொரு விசில் ஒலி உண்டு. அது கேட்டதும் பிள்ளைகள் சிப்பாய்களைப் போல வரிசையில் வந்து நிற்க வேண்டும். மரியா அவர்களுக்குப் பாடக் கற்றுக்கொடுக்கிறாள்.

பாட்டு இந்தப் படத்தில் கதையை நிறுத்திவைக்கும் இடைவேளை அல்ல. கதையை நகர்த்துவதே பாட்டுதான். 'டோ-ரே-மி' பாடத் தொடங்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வரம்கூடத் தெரியாது. நம் ஊரில் சரளி வரிசையில் தொடங்குவதுபோல ஏழு ஸ்வரங்களையும் மரியா ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறாள். மலைவெளி, ஆற்றங்கரை, மிராபெல் பூங்கா என்று காட்சி மாறிக்கொண்டே போகிறது. பாட்டு முடிகையில் அவர்கள் தேர்ந்த பாடகர்கள். நாள் கணக்கான பயிற்சி சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. அடுத்த பெரிய திருப்பமும் பாட்டால்தான். மரியாவை வேலையைவிட்டு நிறுத்திய கேப்டன், உள்ளே பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுப் போய் நிற்கிறார், தானும் பாடுகிறார். தகப்பன் வீடு திரும்பிவிட்டார் என்பதைச் சொல்ல அங்கே வசனமே தேவைப்படவில்லை.

ஒரே பாட்டு இரண்டாம் முறை வரும்போது வேறு பொருள் கொள்வது இன்னும் நுட்பமானது. தூங்கப் போகும்முன் விருந்தினர் முன்னால் பிள்ளைகள் விளையாட்டாகப் பாடிய விடைபெறும் பாட்டையே, கடைசியில் இசை விழா மேடையில் பாடி ஒவ்வொருவராக மறைகிறார்கள். அது நாஜிகளிடமிருந்து தப்பும் வழி. 'எடெல்வைஸ்' பாட்டும் அப்படித்தான். வீட்டில் கிதாருடன் கேப்டன் பாடியபோது அது மலைப்பூவைப் பற்றிய மென்மையான பாட்டு. அதே பாட்டை நாட்டைப் பறிகொடுத்தபின் மேடையில் பாடும்போது அவர் குரல் உடைகிறது. மரியாவும் பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள், பிறகு அரங்கமே பாடுகிறது. இதை ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்பாட்டு என்று நம்புபவர்கள் ஏராளம். உண்மையில் அமெரிக்க மேடைக்காக ஹாமர்ஸ்டைன் எழுதியது அது. அவர் எழுதிய கடைசிப் பாட்டும் அதுவே.

மரியாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸின் தெளிந்த குரல் படத்தின் உயிர். கேப்டனாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மருக்குப் பாட்டில் குரல் கொடுத்தவர் பில் லீ. ஆறு வாரத்துக்குத் திட்டமிட்ட சால்ஸ்பர்க் படப்பிடிப்பு, ஓயாத மழையால் பதினொரு வாரம் இழுத்தது. தொடக்கக் காட்சியில் மலைமேல் ஹெலிகாப்டரிலிருந்து படம்பிடித்தபோது, ஒவ்வொரு முறையும் அதன் காற்று ஆண்ட்ரூஸைப் புல்லில் தள்ளிவிட்டது. திரையில் அந்தப் பாடு எதுவும் தெரியாது.

உண்மையான டிராப் குடும்பத்தின் கதை இன்னும் சுவையானது. 1926இல் மரியா அங்கு சென்றது நோயிலிருந்து தேறிவந்த ஒரே ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்ல. அடுத்த ஆண்டே கேப்டனை மணந்தார். அவர் திரையில் வருவதுபோல் கடுமையானவர் அல்லர், பாசமான தகப்பன். குடும்பமும் முன்பே பாடிக்கொண்டிருந்தது. படத்தில் அவர்கள் மலையேறித் தப்புகிறார்கள். நிஜத்தில் 1938இல் ரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள். சால்ஸ்பர்க்கை அடுத்த மலைகளைத் தாண்டியிருந்தால் ஜெர்மனிக்குள்ளேயே போய் இறங்கியிருப்பார்கள்! ஆனால் கதையின் ஆணிவேர் உண்மை: ஜெர்மன் கடற்படையில் பதவி தருவதாக அழைத்தும் மறுத்துவிட்டு, சொந்த மண்ணைத் துறந்து வெளியேறிய குடும்பம் அது. அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடிப் பிழைத்து, வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோவில் குடியேறினார்கள். மரியா 1949இல் எழுதிய நினைவுநூலே எல்லாவற்றுக்கும் மூலம்.

படம் வந்தபோது பாலின் கேல் உள்ளிட்ட விமர்சகர்கள், தித்திப்பு மிகுந்த பொய் என்று சாடினார்கள். மக்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். சிறந்த படம், சிறந்த இயக்கம் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகள் வந்தன. 'கிளியோபாட்ரா' படத்தால் நொடித்திருந்த தயாரிப்பு நிறுவனம் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிமிர்ந்தது. தமிழில் 1969இல் வந்த 'சாந்தி நிலையம்' படத்தில், அடங்காத பிள்ளைகளை அன்பால் வசப்படுத்தும் ஆசிரியையாகக் காஞ்சனா வந்தபோது மரியாவின் சாயல் தெரிந்தது. ஆனால் ஆஸ்திரியாவில் படம் எடுபடவில்லை. அங்கே டிராப் குடும்பத்தைப் பற்றி 1956இலேயே வந்த ஜெர்மன் படம்தான் மக்களுக்குப் பழக்கம். இன்றும் சால்ஸ்பர்க்கில் மிராபெல் பூங்காவின் படிக்கட்டில் நின்று 'டோ-ரே-மி' பாடுபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்தான்.