எதிரியே இல்லாத மசோதா

மனிதக் கடத்தலை ஆதரித்துப் பேசும் அரசியல்வாதி எந்த நாட்டிலும் கிடையாது. 2000-ஆம் ஆண்டில், கடத்தலுக்கு ஆளானோரைப் பாதுகாக்கும் சட்டம் அமெரிக்க காங்கிரஸில் இறுதி வாக்கெடுப்புக்கு வந்தபோது, பிரதிநிதிகள் அவையில் 371 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர். செனட்டில் 95 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். அக்டோபர் 28 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். இவ்வளவு ஒற்றுமை உள்ள ஒரு விஷயத்துக்காக ஒரு சாதாரணக் குடிமகன் வேலைக்கு லீவு போட்டு, வாஷிங்டனுக்குப் பயணம் செய்து, மக்கள் பிரதிநிதியின் அலுவலக வாசலில் ஏன் காத்திருக்க வேண்டும்?

அந்தச் சட்டத்தின் பிற்காலக் கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. மீட்பு, மறுவாழ்வு போன்ற பணிகளுக்கான நிதி அனுமதியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காங்கிரஸ் புதுப்பித்தாக வேண்டும். 2011-ல் கெடு முடிந்தது. புதுப்பிக்க 2013 மார்ச் ஆகிவிட்டது. அதுவும் தனியாக நிறைவேறவில்லை; பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான மசோதாவில் ஒரு திருத்தமாகச் சொருகித்தான் நிறைவேற்றினார்கள். அந்தத் திருத்தத்துக்கு செனட்டில் ஆதரவு 93, எதிர்ப்பு 5. மறுபடி 2024 பிப்ரவரியில் ஒரு புதுப்பிப்பு மசோதா பிரதிநிதிகள் அவையில் 414-க்கு 11 என்று அமோகமாக ஜெயித்து செனட்டுக்குப் போனது. செனட் அதை எடுக்கவே இல்லை. அந்த காங்கிரஸின் இரண்டாண்டு ஆயுள் முடிந்ததும் மசோதாவும் காலாவதியானது. அதைத் தோற்கடித்தவர் யாருமில்லை. யாருக்கும் அவசரமில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கடத்தலுக்கு எதிராக ‘லாபி டே’ என்று நாள் குறித்து, பிரதிநிதிகளை நேரில் பார்க்கக் கிளம்பும் குடிமக்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: அவர்கள் யாருடைய மனதையும் மாற்றப் போகவில்லை. “மனிதக் கடத்தல் கொடுமையானது” என்று ஆரம்பித்தால், “ஆமாம், மிகவும் கொடுமை, வந்ததற்கு நன்றி” என்று கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த எண்ணுள்ள மசோதாவுக்கு இணை ஆதரவாளராக உங்கள் பெயரைக் கொடுப்பீர்களா? கமிட்டித் தலைவரிடம் இதை எடுக்கச் சொல்வீர்களா? எப்போது?

அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு லாபி செய்கிறவர்கள் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். தன் கருத்தைச் சொல்லப் போகும் குடிமகனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. குறை சொல்லி மனுக் கொடுக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமே கொடுத்திருக்கிறது. வாக்குரிமை இருந்தால்தான் போகலாம் என்பதும் இல்லை. அங்கே தொகுதிகளைப் பிரிப்பதே மொத்த மக்கள்தொகையை வைத்துத்தான். விசாவில் குடியிருப்பவரும் தொகுதிவாசிதான். நம்மவர்களில் பலர் இதை அறியாமல் ஒதுங்கி நிற்கிறார்கள்.

சந்திப்புக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே நேரம் கேட்க வேண்டும். அலுவலகத்தில் முதலில் விசாரிப்பது உங்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணை. தொகுதிக்காரர் என்றால் வரவேற்பே தனி. கடிதம் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். 2001-ல் ஆந்த்ராக்ஸ் கிருமி தடவிய கடிதங்கள் வந்த பிறகு, காங்கிரஸுக்கு வரும் தபால்கள் சோதனை முடிந்துதான் மேசைக்கு வருகின்றன. அறை எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிரதிநிதிகள் அவை உறுப்பினரின் அறை எண் மூன்று இலக்கமாக இருந்தால் கேனன் கட்டடம். 1-ல் தொடங்கும் நான்கு இலக்கம் லாங்வொர்த். 2-ல் தொடங்கினால் ரேபர்ன். செனட்டர்களின் கட்டடங்கள் காங்கிரஸ் கூடும் கேபிடல் மாளிகைக்கு மறுபக்கம். இது தெரியாமல் அடுத்தடுத்து நேரம் வாங்கியவர்கள் வியர்க்க விறுவிறுக்க ஓடுவதைப் பார்க்கலாம். புது ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

உள்ளே போனால் பெரும்பாலும் மக்கள் பிரதிநிதி இருக்க மாட்டார். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க உதவியாளர் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் வருவார். நமக்கு முகம் வாடிவிடும். வாட வேண்டியதில்லை. எந்த மசோதாவில் பெயர் கொடுக்கலாம் என்று குறிப்பெழுதி மேலே அனுப்புவது அந்த இளைஞர்தான். அவர் தருவது கால் மணி நேரம். யார் பேச்சைத் தொடங்குவது, யார் அனுபவத்தைச் சொல்வது, யார் கோரிக்கையை வைப்பது, யார் பதிலைக் குறித்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாத குழு, அந்தக் கால் மணியைத் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வதிலேயே செலவழித்துவிடும். விட்டுவிட்டு வர ஒரே ஒரு தாள் போதும். அதில் மசோதாவின் எண், கோரிக்கை, தொகுதியில் நடந்த ஏதாவது ஒரு வழக்கு. கைவிலங்கு மாட்டிய சிறுமி படம் வேண்டாம்.

படத்தைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கடத்தல் என்றதும் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதுதான் எல்லோர் மனதிலும் வருகிறது. 2020 ஜூலையில், ஒரு மரச்சாமான் விற்பனைத் தளம் விலையுயர்ந்த அலமாரி என்ற பெயரில் குழந்தைகளை விற்கிறது என்று இணையத்தில் வதந்தி கிளம்பியது. ஆதாரம் துளியும் இல்லை. தேசிய உதவி எண்ணுக்கு அதைப் பற்றியே அழைப்புகள் குவிந்து, உண்மையில் உதவி தேவைப்பட்டவர்களைக் கவனிப்பது சிரமமாகிறது என்று அதை நடத்திய பொலாரிஸ் அமைப்பு அறிக்கை விட வேண்டியிருந்தது. பயத்தைக் கிளப்பும் புள்ளிவிவரத்தோடு போகிறவர், விவரம் தெரிந்த உதவியாளர் முன் ஒரே நிமிடத்தில் நம்பகத்தன்மையை இழப்பார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கூட்டாளிகளும் 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு மேல் மிகைப்படுத்த என்ன தேவை?

கடத்தல் நிஜத்தில் எப்படி நடக்கிறது என்பதற்கு நம் ஊர்க்காரர்கள் சம்பந்தப்பட்ட வழக்கே இருக்கிறது. 2005-ல் கத்ரீனா, ரீட்டா புயல்கள் அமெரிக்காவின் வளைகுடாக் கரையைச் சூறையாடின. எண்ணெய்க் கிணறு மேடைகளைப் பழுதுபார்க்கும் சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம், இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் தற்காலிக வேலை விசாவில் வரவழைத்தது. கேரளத்துக்காரர்கள் அதிகம், தமிழ்நாட்டிலிருந்தும் போனார்கள். குடும்பத்தோடு குடியேற கிரீன் கார்டு கிடைக்கும் என்று சொல்லி, ஏஜென்டுகள் ஆளுக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் டாலர் வரை வாங்கினார்கள். வீட்டை அடமானம் வைத்து, நகையை விற்று, வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டிய பணம். போன இடத்தில், மிசிசிப்பியின் பாஸ்ககூலாவிலும் டெக்ஸாஸின் ஆரஞ்ச் நகரிலும் காவலாளிகள் நிற்கும் முகாம்கள். ஒரு டிரெய்லரில் 24 பேர் வரை படுக்க வேண்டும். அதற்கு வாடகையாக மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். கிரீன் கார்டு வரவில்லை. ஊர் திரும்பினால் கடன்காரன். வேலையை விட்டால் விசா போய்விடும். சங்கிலி எங்கே இருந்தது என்று யாராவது கேட்டால், அந்தக் கடன் பத்திரத்தைத்தான் காட்ட வேண்டும்.

2007 மார்ச்சில், ஒன்றுகூடிப் பேச ஆரம்பித்த சிலரைப் பிடித்து ஊருக்கு அனுப்ப நிர்வாகம் விடியற்காலையில் ஆட்களை ஏவியது. அவர்களில் ஒருவர் தற்கொலைக்கு முயன்றார். அடுத்த மார்ச்சில் சுமார் நூறு தொழிலாளர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி வாசலில் எறிந்துவிட்டு வெளியேறினார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டனுக்குப் புறப்பட்ட அந்தப் பயணத்துக்கு அவர்களே வைத்த பெயர் சத்தியாக்கிரகம். இந்தியத் தூதரகத்தின் கதவைத் தட்டினார்கள். மே மாதம் வெள்ளை மாளிகைக்கு எதிரே உண்ணாவிரதத்தைத் தொடங்கினார்கள். அது 29 நாள் நடந்தது.

அவர்கள் வெறும் நியாயம் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடத்தல் வழக்கு விசாரணை முடியும்வரை பாதிக்கப்பட்டவர் நாட்டில் தங்கலாம் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவின்படி எங்களைத் தங்க விடுங்கள் என்று நீதித் துறையிடம் குறிப்பாகக் கேட்டார்கள். நீதிமன்றத்துக்கும் போனார்கள். பாதிக்கப்பட்டவரே சிவில் வழக்குத் தொடுத்து இழப்பீடு கேட்கும் உரிமை முதல் சட்டத்தில் இல்லை. 2003-ஆம் ஆண்டுப் புதுப்பிப்பில்தான் அது வந்தது. 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி முதல் ஐந்து பேருக்குச் சுமார் 1.4 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. அதே ஆண்டில் நிறுவனம் திவால் மனு போட்டது. மீதி வழக்குகளுக்கு 2 கோடி டாலர் சமரசத்தோடு மன்னிப்பும் கேட்டது. யாரோ ஒரு கூட்டம் முன்பு எப்போதோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து, ‘வழக்குத் தொடுக்கும் உரிமையையும் சேருங்கள்’ என்று சலிக்காமல் கேட்டிராவிட்டால், பாஸ்ககூலாவின் வெல்டருக்கு அந்தக் கதவு திறந்திருக்காது.

2008 டிசம்பரில் வந்த இன்னொரு புதுப்பிப்பு, வெளிநாட்டில் பொய் சொல்லி ஆளெடுப்பதைத் தனிக் குற்றமாக்கியது. வேலை விசாவுக்கு வருகிறவரிடம் அவருடைய உரிமைகளைச் சொல்லும் கையேட்டைக் கொடுத்து, படித்துப் புரிந்துகொண்டாரா என்று தூதரக அதிகாரி உறுதிசெய்ய வேண்டும் என்றும் விதித்தது. சென்னையில் விசா நேர்காணலுக்குப் போகும் தொழிலாளியின் கையில் அந்தக் கையேடு வருவது ஒரு மசோதாவின் வரியால்தான்.

சந்திப்புக்கான தயாரிப்பில் பலர் தவறவிடுவது, பாதிக்கப்பட்டவரை எப்படி அழைத்துப் போவது என்பது. கதையைச் சொல்லச் சொல்லி, கண்ணீர் வரவழைத்து, கோரிக்கையை மட்டும் மற்றவர்கள் வைப்பது அழகல்ல. எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். சட்டத்தில் எது ஓட்டை என்பதும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கடத்தலிலிருந்து மீண்டவர்களையே உறுப்பினர்களாகக் கொண்ட ஆலோசனைக் குழுவை அமெரிக்க அரசில் அமைத்ததன் நியாயமும் இதுவே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பே இல்லாத விஷயத்தில் தவறான சட்டமும் சுலபமாக நிறைவேறிவிடும். 2018 ஏப்ரலில், கடத்தலைத் தடுக்கவென்று, பாலியல் தொழிலுக்கு இடம் தரும் இணையதளங்களைப் பொறுப்பாக்கும் சட்டம் வந்தது. செனட்டில் 97-க்கு 2. விளம்பரத் தளங்கள் மூடப்பட்டதால் ஆபத்தான வாடிக்கையாளரை முன்கூட்டி அறிய வழியில்லை, தெருவுக்குத் தள்ளப்படுகிறோம் என்று பாலியல் தொழிலாளர்கள் கதறினார்கள். மூன்றாண்டு கழித்து அரசின் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, அந்தச் சட்டத்தின் புதிய குற்றப் பிரிவு ஒரே ஒரு வழக்கில்தான் பயன்பட்டிருந்தது. மசோதாவின் பெயரைப் பார்த்து ஆதரிக்கக் கூடாது. முழுவதும் படித்து, அதை எதிர்ப்பவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2017-ல் குழந்தை உரிமைப் போராளி கைலாஷ் சத்யார்த்தி கன்னியாகுமரியில் தொடங்கிய பாரத யாத்திரை, கடத்தலுக்கு எதிராகக் கடுமையான சட்டம் கேட்டு டெல்லி வரை போனது. 2018 ஜூலை 26 அன்று மக்களவை ஆள்கடத்தல் தடுப்பு மசோதாவை நிறைவேற்றியது. சுயவிருப்பத்தில் பாலியல் தொழில் செய்பவரையும் கடத்தப்பட்டவரையும் அது ஒன்றாகக் குழப்புகிறது என்ற விமர்சனம் எழுந்தது. என் பார்வையில் நியாயமான விமர்சனம். அதைச் சரிசெய்து நிறைவேற்றியிருக்கலாம். மாநிலங்களவை நிறைவேற்றாத நிலையில், 2019-ல் மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதியானது. வாஷிங்டனில் நடந்த அதே கதை. 2021 ஜூலையில் புதிய வரைவு ஒன்றை மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது.

ஜூலை 30 மனிதக் கடத்தலுக்கு எதிரான உலக நாள். அன்று மெழுகுவத்தி ஏற்றுவதோடு நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்தில் நேரம் வாங்குங்கள். அந்த 2021 வரைவை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். அதன் கதி என்ன என்று அவையில் கேள்வி எழுப்ப நோட்டீஸ் தருவீர்களா என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்வி ஏற்கப்பட்டுவிட்டால், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்.