சுவருக்குள் மறைந்திருப்பது

இன்று கட்டப்பெறும் இல்லங்களில் சுவிட்சுப் பலகையிலேயே யு.எஸ்.பி. துளைகளையும் பதித்துவிடுகின்றனர். தனிச் சார்ஜர் வேண்டுவதில்லை. கம்பி ஒன்றே போதும். வசதிதான். ஆயினும் குடும்பத் தலைவர்கள் சிலவற்றை அறிந்திருத்தல் நலம்.

அத்துளையின் பின்னே ஒரு சிறு கருவி 230 வோல்ட் மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. சாதாரண வகையில் இரு துளைகளுக்கும் சேர்த்தே ஏறத்தாழ 2 ஆம்பியர், அதாவது 10 வாட்தான் கிடைக்கும். இரு கைப்பேசிகளைச் செருகினால் அதுவும் பங்கிடப்படும். விரைவு வேண்டுவோர் கூடுதல் வாட் தரும் ‘சி’ வகைத் துளையைக் கேட்டு வாங்குக.

வேகத்தினும் பெரிது உயிர். 230 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் பிரித்து நிறுத்துவது அக்கருவியினுள் அமைந்த மின்காப்பே. மலிவுப் பொருளில் அது பழுதுபடின், வீட்டு மின்சாரம் கம்பி வழியே குழந்தையின் கைக்கே வந்து சேரக்கூடும். சுவருக்குள் அடைபட்ட வெப்பமும் அக்காப்பைத் தளர்த்தும்.

ஆகவே, தரச்சான்று பெற்ற பொருளையே வாங்குங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரே அதைப் பொருத்தட்டும். அதற்கெனத் தனிச் சுவிட்சு இருக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் வீட்டில் அமையட்டும். தொட்டால் சுடுகிறதா? கருகிய நாற்றம் வருகிறதா? உடனே நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் கட்டளை கொலையை விலக்குவதோடு நில்லாது, நம் பொறுப்பில் விடப்பட்ட உயிர்களைப் பேணவும் நம்மைப் பணிக்கிறது. புதுமனை மந்திரிப்புக்கு அழைக்கும் அன்பர்களே, விருந்துக்குச் செலவிடுவதில் சிறு பங்கைச் சுவருக்குள் மறைந்திருப்பதற்கும் ஒதுக்குவீர்களாக!