டான்ட்லஸ் விமானத்துக்கு என்ன குறை?

போர் வரலாறு படிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: பழைய விமானங்களை மனத்துக்குள் திருத்தி அமைப்பது. நான் அடிக்கடி திருத்திப் பார்ப்பது, அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் தயாரித்த டான்ட்லஸ். விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து புறப்பட்டு, இலக்கின்மேல் ஏறத்தாழச் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் விமானம் அது. 1942 ஜூன் 4 அன்று மிட்வே கடற்போரில், ஜப்பானின் மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களைச் சில நிமிடங்களில் எரியவிட்டவை இவ்வகை விமானங்களே.

எனினும், அதன் குறைகளைப் பட்டியலிடுவது எளிது. வேகம் மணிக்குச் சுமார் 400 கிலோமீட்டர்தான். இறக்கைகள் மடியாததால் கப்பலில் இடத்தை அடைத்துக்கொள்ளும். வலிமையான எஞ்சின், மடியும் இறக்கை, உடலுக்குள்ளேயே குண்டறை என்பவையே எவருக்கும் முதலில் தோன்றும் திருத்தங்கள்.

இந்தக் கற்பனையை வரலாறே சோதித்துப் பார்த்துவிட்டது. கர்டிஸ் நிறுவனத்தின் ஹெல்டைவரில் இவை அனைத்தும் இருந்தன. ஆனால், கப்பலின் மின்தூக்கியில் இரண்டு விமானங்கள் அடங்க வேண்டும் என்ற நிபந்தனையால் அதன் உடல் குறுகியது. வால் இறக்கைக்கு மிக அருகே வந்தது. பறப்பில் நிலைத்தன்மை கெட்டது. 1940 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த விமானம் போர்முனைக்கு வர 1943 நவம்பர் ஆயிற்று. 1944 ஜூன் 20 அன்று பிலிப்பைன் கடலில், தொலைதூரத் தாக்குதலுக்குச் சென்ற சுமார் 50 ஹெல்டைவர்களில் 40-க்கும் மேற்பட்டவை இழக்கப்பட்டன. பெரும்பாலானவை எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியவை. உடன் சென்ற டான்ட்லஸ்களில் மிகப் பெரும்பாலானவை திரும்பிவிட்டன. குறைகள் களையப்பட்ட பின் ஹெல்டைவர் போர் முடியும்வரை உழைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் டான்ட்லஸில் எதைத்தான் திருத்தியிருக்க வேண்டும்? என் விடை சற்றுச் சப்பென்றிருக்கும்: கண்ணாடியையும் சுவிட்சையும். குளிர்ந்த உயரத்திலிருந்து வெப்பமண்டலக் கடலின் ஈரக்காற்றுக்குள் பாயும்போது, குறிபார்க்கும் தொலைநோக்கியிலும் முன்கண்ணாடியிலும் ஆவி படிந்துவிடும். 1942 மே மாதம் பவளக்கடல் போரில் விமானிகள் கடைசி விநாடிகளில் இலக்கையே காணாமல் தவித்தனர். மிட்வேயிலோ, யார்க்டவுன் கப்பலிலிருந்து சென்ற 17 டான்ட்லஸ்களில் நான்கு, வழியிலேயே குண்டுகளைக் கடலில் சிந்திவிட்டன. குண்டை வெடிப்புக்கு ஆயத்தமாக்க வேண்டிய மின்சுவிட்ச், குண்டையே விடுவித்துவிட்டது. அந்த அணியின் தலைவர் மேக்ஸ் லெஸ்லியின் விமானமும் அவற்றுள் ஒன்று. அவர் குண்டில்லாமலே பாய்ந்தார். மணிக்கு 50 கிலோமீட்டர் கூடுதல் வேகம் அவருக்கு என்ன உதவி செய்திருக்கும்?

மடியும் இறக்கையை நான் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன். மடிப்பு வைத்தால் எடை கூடும். வடிவமைப்பாளர் எட் ஹைன்மன் அமைத்த உறுதியான இறக்கையும், காற்றின் அதிர்வு வாலைத் தாக்காதபடி துளையிட்ட தடுப்புத் தகடுகளும்தான் அந்தச் செங்குத்துப் பாய்ச்சலை நிதானமாக்கின. இதனால் கப்பலில் சில விமானங்கள் குறைந்தன என்பது உண்மை. அந்த விலையைக் கொடுக்கலாம் என்பதே என் கணிப்பு.

பின்னர் வந்த ஐந்தாம் வகையில் 1,200 குதிரைத்திறன் எஞ்சினும், தொலைநோக்கிக்குப் பதிலாகப் பிரதிபலிப்புக் குறிகாட்டியும் பொருத்தப்பட்டன. ஆவித் தொல்லை தணிந்தது. 1944 ஜூலையில் உற்பத்தி நின்றபோது, மொத்தம் 5,936 விமானங்கள் வெளிவந்திருந்தன. கடைசி விமானத்திலும் இறக்கை மடியவில்லை.